ரேடார் காட்டிய திறப்பு: கருடா 421 விமானமும் ஆலங்கட்டி மழையும்

2002 ஜனவரி 16, பிற்பகல். லொம்போக் தீவின் அம்பெனானிலிருந்து ஜாவாவின் யோக்யகர்த்தாவுக்கு கருடா இந்தோனேசியாவின் 421ஆம் எண் விமானம் கிளம்பியது. போயிங் 737-300 ரகம். பயணிகள் 54 பேர், விமானிகளும் பணியாளர்களுமாக 6 பேர். ஜாவாவில் அது மழைக்காலம். மாலையானால் இடிமேகம் திரள்வது அங்கே வழக்கம். உயரத்தில் பறந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. இறங்கத் தொடங்க வேண்டிய நேரத்தில்தான் பாதையை மறித்து மேகங்கள் நின்றன.

விமானிகள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேகத்தை ரேடாரில் பார்த்தார்கள், திட்டமிட்ட தடத்திலிருந்து விலகினார்கள். திரையில் சிவப்புத் திட்டுகள் தெரிந்தன. அவற்றின் இடமும் வலமும் பச்சையும் மஞ்சளுமாக இரண்டு இடைவெளிகள். தலைமை விமானி இடப்பக்க இடைவெளியைத் தேர்ந்தெடுத்தார். பயணிகளை பெல்ட் போடச் சொன்னார்கள். குலுங்கலுக்கு உரிய வேகத்துக்கு விமானத்தைக் கொண்டுவந்தார்கள். இன்ஜின் அணையாமலிருக்க, தீப்பொறி தரும் இக்னைட்டர்களைத் தொடர்ந்து இயங்கும் நிலையில் வைத்தார்கள். இறங்கும் நேரம் என்பதால் இரண்டு இன்ஜின்களும் மிகக் குறைந்த விசையில், அதாவது ஐடில் நிலையில், சுழன்றுகொண்டிருந்தன.

உள்ளே நுழைந்ததும் கடும் குலுக்கல். கண்ணாடியிலும் கூரையிலும் மழையும் பனிக்கட்டியும் அறைந்தன. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்து, 19,000 அடியைத் தாண்டி இறங்கும்போது, இரண்டு இன்ஜின்களும் அணைந்தன.

இன்ஜின் நின்றால் ஜெனரேட்டர் நிற்கும். மின்சாரம் பேட்டரியை மட்டும் நம்பியிருந்தது. விமானிகள் இன்ஜின்களை மீண்டும் பற்றவைக்க முயன்றார்கள், பற்றவில்லை. மறுபடி முயன்றார்கள். வால்பகுதியில் இருக்கும் சிறிய துணை இன்ஜினான ஏபியுவை இயக்கிப் பார்த்தார்கள். அந்த முயற்சியோடு இருந்த கொஞ்ச மின்சாரமும் போய்விட்டது. துணை விமானி அனுப்ப முயன்ற அபாய அழைப்பு யாரையும் எட்டவில்லை. மேகத்துக்குள், இன்ஜினும் மின்சாரமும் இல்லாத விமானத்தில் 60 பேர்.

ஏறத்தாழ 8,000 அடியில் மேகத்தின் அடிப்பகுதி முடிந்தது. கீழே பெங்காவான் சோலோ ஆறு தெரிந்தது. ஓடுதளத்தைத் தேடும் எண்ணத்தை விட்டுவிட்டு ஆற்றிலேயே இறக்குவது என்று தலைமை விமானி அப்துல் ரோசாக் முடிவெடுத்தார். சக்கரங்களையும் இறக்கையின் ஃபிளாப் மடிப்புகளையும் இறக்காமல், இரண்டு இரும்புப் பாலங்களுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பில், வயிற்றால் உரசி விமானம் நின்றது. தண்ணீர் ஆழமில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. பயணிகள் அனைவரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

பின்பகுதியில் அமர்ந்திருந்த விமானப் பணியாளர்கள் இருவருக்குப் பலத்த அடி. தண்ணீரில் முதலில் மோதியது அந்தப் பகுதிதான், அடிப்பாகம் அங்கே பிய்ந்துபோயிருந்தது. இருவரில் ஒருவர் உயிரிழந்தார். அன்றைய ஒரே மரணம் அது. இந்த விபத்தைப் பலரும் ‘அதிசயத் தரையிறக்கம்’ என்று எழுதுகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பணியாளர் ஒருவர் திரும்பி வரவில்லை என்பதை அந்தத் தலைப்பு மறைத்துவிடுகிறது.

இங்கே எதற்கு இந்தக் கதை

நான் சிங்கப்பூரில் விமானப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவன், மின்சாரப் பிரிவு. இரவு ஷிப்ட்டில் டீ குடிக்கும்போது இந்த விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. திருச்சியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, நம்ம பக்கம் ஐஸ் மழை எங்கண்ணே பெய்யுது? அதெல்லாம் குளிர் நாட்டுக் கதைதானே?”

“கீழ விழாததாலதான் அப்படித் தோணுது தம்பி. மேல இருக்கு” என்றேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்களில் எங்காவது இடி முழங்குகிறது. ஆனாலும் தரையில் ஆலங்கட்டியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. 2013 ஜூன் 25 அன்று தீவின் மேற்குப் பகுதிகளில் ஆலங்கட்டி விழுந்தபோது, ஜூரோங் பக்கத்து ஜனங்கள் அதைக் கையில் ஏந்திப் படம் பிடித்தார்கள். புகைமூட்டத்தில் மூச்சுத்திணறிய வாரத்துக்குப் பிந்திய மழை அது, பலருக்கு நினைவிருக்கும். அபூர்வம் என்று எல்லோரும் வியந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் தரையில் மட்டும்.

பூமத்திய ரேகைப் பகுதியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 16,000 அடிக்குச் சற்று மேல். இடிமேகத்தின் உச்சி 50,000 அடியையும் தாண்டும். ஆக மேகத்தின் பெரும்பகுதி அந்த உறைநிலை உயரத்துக்கு மேலேதான் இருக்கிறது. மேலெழும் காற்று நீர்த்துளிகளை அங்கே தூக்கிச் செல்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத துளிகள் அவை. சிறிய பனித்துணுக்கு ஒன்றின்மேல் பட்டதும் ஒட்டி உறைந்துவிடுகின்றன. மேலெழும் காற்றின் பலம் குறையும்வரை கட்டி வளர்கிறது. அதன் எடையைத் தாங்க முடியாதபோது விழுகிறது. பிறகு 5 கிலோமீட்டர் வெப்பக் காற்றைக் கடந்து வரவேண்டும். வழியிலேயே உருகி, ஜூரோங்கிலும் ஈசூனிலும் கனத்த மழைத்துளியாக விழுகிறது. குடையை விரித்துக்கொண்டு நடப்பவருக்கு அது மழை. அதே மேகத்தை 19,000 அடியில் கடக்கும் விமானத்துக்கு அது கட்டியும் தண்ணீரும் கலந்த கலவை.

கருடா 421இன் இன்ஜின்கள் அணைந்த உயரத்தைத் திரும்பப் பாருங்கள். உறைநிலை உயரத்துக்குச் சற்றே மேல். ஆலங்கட்டியும் மழையும் மிக அடர்த்தியாகச் சேர்ந்திருக்கக்கூடிய அடுக்கு அது.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ இரவில் கிளம்பி விடிகாலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து சேரும் விமானத்தில் நாம் எத்தனை முறை தூங்கிக்கொண்டே வந்திருப்போம். அந்த விமானம் 19,000 அடியைக் கடப்பது தரையிறங்குவதற்கு நூறு கிலோமீட்டருக்கு முன்பு, ஏறக்குறைய மலேசியாவின் ஜொகூருக்கு மேலே. அப்போது இன்ஜின்கள் பெரும்பாலும் ஐடில் நிலையில்தான் இருக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா புயல்காற்று நம்மைத் தாக்குவதும் விடியலுக்கு முன்பிருந்து முற்பகல்வரைதான். உயரம், இன்ஜின் நிலை, மேகம் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்க வாய்ப்பிருக்கிறது. சந்திக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் விமானியின் வேலை. அந்த வேலையின் முதல் கருவி ரேடார். 421இல் முதலில் தவறியதும் அங்கேதான்.

இருண்ட இடம் வெற்றிடமல்ல

விமானத்தின் மூக்கில் இருக்கும் வானிலை ரேடார் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கிறது. சிறிய ஆன்டெனாவில் கூர்மையான கற்றை கிடைக்க அது வேண்டும். ஆனால் அந்த அலைநீளத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. கனத்த மழையில் பட்டால் அலையின் பெரும்பகுதி அங்கேயே சிதறி உறிஞ்சப்பட்டுவிடும். மழைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க மீதம் எதுவும் போவதில்லை, போனாலும் எதிரொலி திரும்பி வருவதில்லை. கெட்டித் திரைக்குப் பின்னால் நிற்பவரை டார்ச் அடித்துத் தேடுவது போல: வெளிச்சம் திரையில் நின்றுவிடும், பின்னால் ஆள் இல்லை என்று தோன்றும்.

இதன் விளைவு கொடுமையானது. மழை எங்கே மிக அதிகமோ, அதன் பின்புறம் திரையில் மெலிந்தோ கருத்தோ தெரியும். மிக மோசமான இடத்துக்கு அடுத்தபடியே மிக நல்ல வழி இருப்பதுபோல் காட்டும். தப்பிக்கத் துடிக்கும் விமானியின் கண்ணும் அங்கேதான் போகும்.

போதாக்குறைக்கு ஆலங்கட்டியே ரேடாரை ஏமாற்றும். மேற்பரப்பு நனைந்த கட்டி பலமாக எதிரொலிக்கும். உலர்ந்த கட்டி அந்த அளவுக்கு எதிரொலிக்காது. எனவே உயரத்தில், உலர்ந்த கட்டிகள் நிறைந்த பகுதியை மட்டும் கற்றை தொட்டால், ஆபத்தான மேகம் சாதுவாகத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தரையைப் பார்க்க வேண்டும். திறப்பு உண்மையானதென்றால் அதன் பின்னால் தரையின் எதிரொலி தெரியும். தரையும் தெரியவில்லை என்றால் அது நிழல். நிழலுக்குள் விமானத்தைச் செலுத்தக் கூடாது.

421இன் விமானிகள் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. இந்தோனேசியாவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு விசாரித்தபோது, ரேடாரைப் படிக்கும் கலை முறையான பாடமாக இல்லாமல், வேலை பார்த்துக்கொண்டே மூத்தவர்களிடம் கற்றுக்கொள்ளும் ஒன்றாக இருந்தது தெரியவந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த விபத்தின் வேர் அதுதான். விமானிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. அவர்களுக்கு யார் எப்போது அதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும்.

ஏனென்றால் 25 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்திருக்கிறது, இதைவிடக் கோரமாக. 1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநில ஹண்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பியது சதர்ன் ஏர்வேஸின் 242ஆம் எண் விமானம், டிசி-9 ரகம். ஜார்ஜியாவில் ரோம் என்ற ஊருக்கருகே இடிமேகத்துக்குள் நுழைந்தது. எதிரே தெரிவது ஓட்டையா இல்லையா என்று விமானிகள் இருவரும் பேசிக்கொண்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஓட்டை என்று எண்ணிப் போன இடத்தில் புயலின் மிகக் கடுமையான பகுதி இருந்தது. முன்கண்ணாடி விரிசல் கண்டது, இரண்டு இன்ஜின்களும் சேதமாகிச் செயலிழந்தன. நியூ ஹோப் என்ற சிற்றூரின் நெடுஞ்சாலையில் இறக்க முயன்றார்கள். சாலையோரக் கட்டடங்களிலும் வாகனங்களிலும் மோதி விமானம் சிதறியது. விமானத்தில் 63 பேர், தரையில் 9 பேர், மொத்தம் 72 உயிர்கள். விமானப் பணியாளர்கள் இருவர் காக்பிட்டிலிருந்து தெளிவான உத்தரவு வராமலேயே நிலைமையை உணர்ந்து பயணிகளைத் தயார்படுத்தினார்கள். பிழைத்த 22 பேரில் அவர்கள் இருவரும் அடக்கம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை விமானியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. புயல் பகுதியை ஊடுருவ ரேடாரை நம்பியதைக் குறிப்பிட்டது. அதோடு, புதிய வானிலைத் தகவலை விமானிகளுக்கு அனுப்பாத நிறுவனத்தின் ஏற்பாட்டையும், அபாய வானிலையை உடனுக்குடன் சொல்ல முடியாத வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் குறைகளையும் சேர்த்தே எழுதியது. மேகத்தைத் தவிர்க்கத்தான் ரேடார், மேகத்துக்குள் வழி தேட அல்ல என்ற பாடம் அப்போதே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இன்ஜின் ஏன் அணைகிறது

ஜெட் இன்ஜின் மழையில் நிற்காது, நிற்கக்கூடாதபடிதான் செய்திருக்கிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சியும் 25, 50 மில்லிமீட்டர் பனிக்கட்டிகளைச் சுட்டும் சோதிக்கிறார்கள். முன்னே சுழலும் பெரிய விசிறி, உள்ளே வரும் தண்ணீரை வெளிப்புறமாக எறிந்துவிடுகிறது. எரிப்பறைக்குப் போகும் நடுப்பகுதிக்குள் கொஞ்சமே நுழைகிறது. விசை அதிகமாக இருக்கும்போது இது நன்றாகவே நடக்கிறது.

ஐடில் நிலையில் கணக்கு மாறுகிறது. விசிறி மெதுவாகச் சுழல்வதால் தண்ணீரை எறியும் பலம் குறைவு. அதைவிட முக்கியமான இன்னொன்று: அந்த நிலையில் இன்ஜினுக்குக் காற்று குறைவாகவே தேவை. விமானமோ வேகமாகப் போகிறது. வாயருகே வரும் காற்றில் ஒரு பகுதி உள்ளே போகாமல் சுற்றி வழிந்துவிடுகிறது. காற்று வளையும், கனத்த மழைத்துளியும் ஆலங்கட்டியும் வளையாது. அவை நேராக உள்ளே போகின்றன. ஆகவே இன்ஜினுக்குள் காற்றுக்குத் தண்ணீரின் விகிதம், வெளியே வானத்தில் இருப்பதைவிட அதிகமாகிவிடுகிறது. பனிக்கட்டியை உருக்கவும் ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. சுழற்சி தளர்கிறது. ஒரு கட்டத்தில் எரிப்பறையில் தீ நிலைப்பதில்லை.

242இல் நடந்தது சற்று வேறு. அங்கே தண்ணீரால் தளர்ந்த இன்ஜின்களின் விசையைக் கூட்ட நெம்புகோலைத் தள்ளினார்கள். திணறிக்கொண்டிருந்த, காற்றை அழுத்தும் கம்ப்ரெஸர்களுக்குள் காற்றோட்டம் குலைந்து சுழலும் தகடுகள் உடைந்தன. பிறகு பற்றவைக்க அங்கே உருப்படியாக எதுவும் இல்லை. 421இன் இன்ஜின்கள் உடையவில்லை, அணைந்தன, அவ்வளவே. ஆலங்கட்டியும் மழையும் இல்லாத இடத்துக்கு வந்த பின் முயன்றிருந்தால் பற்றியிருக்க வாய்ப்புண்டு. பற்றவைக்கும் முயற்சிகள் நடந்ததோ இன்னும் மழைக்குள்ளேயே, அந்த இன்ஜினின் சான்றளிக்கப்பட்ட திறனை மீறிய மழையில். காக்பிட் பதிவின் ஒலியை அலசியபோதும், விமானத்தைத் தாக்கியது அந்த வரம்பை மீறிய ஆலங்கட்டி கலந்த மழை என்றே முடிவுக்கு வந்தார்கள்.

அந்த இன்ஜின் சிஎஃப்எம்56-3 ரகம். 1987 ஆகஸ்டில் கிரேக்கத்தின் தெசலோனிக்கி அருகே இறங்கிக்கொண்டிருந்த ஏர் யூரோப் 737 விமானத்தில் இதே ரக இன்ஜின்கள் இரண்டும் மழையிலும் ஆலங்கட்டியிலும் அணைந்து மீண்டும் பற்றின. அடுத்து 1988 மே 24, டாக்கா (TACA) விமான நிறுவனத்தின் 110ஆம் எண் விமானம். பெலீஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போகும் வழியில் இரண்டு இன்ஜின்களும் அணைந்தன. ஏபியு உயிர் பெற்றது, அதன் மின்சாரத்தோடு இன்ஜின்களை மீண்டும் பற்றவைக்கவும் முடிந்தது. ஆனால் அவை வேகமெடுக்கவில்லை. சூடேறியதால் நிறுத்தவேண்டியதாயிற்று. கேப்டன் கார்லோஸ் தார்தானோ, ஒற்றைக் கண் பார்வையோடு பறந்தவர், நாசாவின் மிஷூட் தொழிற்கூடத்தை ஒட்டிய புல்கரை ஒன்றில் விமானத்தை இறக்கினார். 45 பேரும் பிழைத்தார்கள். அதன் பிறகு இன்ஜின் முகப்புக் கூம்பின் வடிவம் மாறியது, தண்ணீரை வெளியேற்றும் கதவுகள் கூடின. மழை, ஆலங்கட்டி குறித்த இன்ஜின் சான்றளிப்பு விதிகளை அமெரிக்கா 1998இல் கடுமையாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் 2002இல் சோலோ ஆற்றில் ஒரு விமானம் விழுந்திருக்கிறது.

பேட்டரி

என் தொழிலுக்கு நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

110ஆம் விமானத்தில் ஏபியு உயிர் பெற்றது, 421இல் இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். இரண்டு ஜெனரேட்டர்களும் போனபின் 737-300இல் விமானியின் கருவிகள், ரேடியோ, இன்ஜினைப் பற்றவைக்கும் தீப்பொறி, ஏபியுவைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே பேட்டரியைத்தான் கேட்கின்றன. ஏபியு ஸ்டார்ட்டர் சில விநாடிகளில் பல நூறு ஆம்பியர்களை இழுக்கும். நல்ல பேட்டரி அதைத் தாங்கும். 421இன் நிக்கல் காட்மியம் பேட்டரி தாங்கவில்லை, அதன் பராமரிப்பு போதுமானதாக இருக்கவில்லை என்று பின்னர் தெரிந்தது.

24 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி என்பது 1.2 வோல்ட் வீதம் 20 செல்கள். இதில் ஏமாற்றம் எங்கே என்றால், சுமை இல்லாமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்டேஜ் சரியாகவே காட்டும். உள்ளே கொள்ளளவு பாதியாகியிருக்கும், மீட்டர் சொல்லாது. அதனால்தான் குறித்த கால இடைவெளியில் பேட்டரியைக் கழற்றி வேர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், சுமை கொடுத்து முழுக்க இறக்கி, எத்தனை நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறோம். செல் செல்லாக அளக்கிறோம். காய்ந்துபோன செல்லுக்குக் காய்ச்சி வடித்த நீரை விடுகிறோம். ஒரு செல் தளர்ந்திருந்தாலும் பெரிய சுமை வரும்போது முழு வரிசையும் அதோடு சரியும். நேரம் பிடிக்கும் வேலை, பொறுமையைச் சோதிக்கும் வேலை. விமானம் பறக்கிற ஆயிரம் நாட்களில் அந்தப் பேட்டரியைக் கடைசி துளிவரை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கும் நாளில் அது மட்டும்தான் இருக்கும்.

இந்த விபத்தை ஆலங்கட்டி விபத்து என்று மட்டும் சொல்வதை நான் ஏற்பதில்லை. இன்ஜின்களை அணைத்தது ஆலங்கட்டி. மேகத்துக்குக் கீழே, மழையைத் தாண்டி வந்த பிறகும் இன்னொரு முயற்சிக்கு வழியில்லாமல் செய்தது பேட்டரி. திருச்சித் தம்பியிடம் இதைத்தான் அன்று விரிவாகச் சொன்னேன். மறுநாள் அவரே பேட்டரி சோதனைத் தாளை எடுத்துவந்து, ஒவ்வொரு செல்லுக்கும் எதிரே எழுதியிருந்த அளவைக் காட்டி, “இது ஏண்ணே மத்ததைவிடக் கம்மியா இருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஒவ்வொரு ஹேங்கரிலும் வேண்டும்.

கண்ணாடியும் மூக்கும்

இரண்டு இன்ஜின்களும் ஒருசேர அணைவது மிக அரிது. அடிக்கடி நடப்பது வேறு: மூக்கும் கண்ணாடியும் நொறுங்குவது. கட்டி விழும் வேகத்தைவிட விமானம் அதன்மேல் மோதும் வேகமே சேதத்தைத் தீர்மானிக்கிறது. மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சிறிய கட்டியும் சம்மட்டி அடியாகிறது. ரேடாரை மூடியிருக்கும் மூக்குக் கூடு, அலைகள் ஊடுருவ வேண்டும் என்பதற்காக உலோகமில்லாமல் செய்யப்படுவது. முதலில் உடைவது அதுதான். அது உடைந்தால் உள்ளிருக்கும் ரேடாரும் போகலாம், புயலின் நடுவில் வழி பார்க்கும் கருவியே இல்லாமல் போகும். முன்கண்ணாடி பல அடுக்கு கொண்டது. வெளி அடுக்கு நொறுங்கினாலும் உள் அடுக்கு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் எதிரே ஒன்றும் தெரியாது.

2015 ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து சால்ட் லேக் சிட்டி போன டெல்டா விமானம் இப்படித்தான் டென்வரில் இறங்கியது. 2017 ஜூலையில் இஸ்தான்புல்லில் அட்லஸ்குளோபல் விமானத்தைக் கண்ணாடி முழுக்க நொறுங்கிய நிலையில் தரையிறக்கினார்கள். 2024 ஜூன் 9 அன்று பால்மாவிலிருந்து வியன்னா வந்த ஆஸ்திரியன் விமானத்தின் மூக்குக் கூடு பிய்ந்தே போனது. அந்தப் புயல் ரேடாரில் தெரியவில்லை என்று விமானிகள் சொன்னார்கள்.

நமக்குப் பக்கத்தில், 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம். இருநூறுக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். பதான்கோட் அருகே எதிரே புயல். விலகிப் போக எல்லைப் பக்கம் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. லாகூர் கட்டுப்பாட்டு மையமும் தன் வான்வெளிக்குள் வர மறுத்தது. ஆலங்கட்டிக்குள் நுழைந்து, ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வீதம் இறங்கி, மூக்கு சிதைந்த நிலையில் ஸ்ரீநகரில் பத்திரமாக இறங்கினார்கள். ரேடாரைச் சரியாகப் படித்தும், விலகப் பாதை இல்லாமல் போன சம்பவம் அது. புயலைக் கடப்பது விமானியின் திறமை சார்ந்தது மட்டுமல்ல, யார் எந்த வான்வெளியைத் திறந்துவைக்கிறார்கள் என்பதையும் சார்ந்தது. அரசியல் பகை எதுவானாலும், புயலிலிருந்து விலக வழி கேட்கும் பயணிகள் விமானத்துக்கு வழி விடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிறகு மாறியவை

421க்குப் பிறகு, 2005இல் அமெரிக்க வாரியம் இந்த ரக விமானங்களுக்காகப் பரிந்துரைகளை வெளியிட்டது. கனத்த மழையிலோ ஆலங்கட்டியிலோ இறங்க நேர்ந்தால் இன்ஜினை வெறும் ஐடிலில் விடாமல் விசையைக் கூட்டி வைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இறங்கும் விமானத்தில் விசையைக் கூட்டினால் இறங்குவது தாமதமாகும், விமானிகளின் இயல்புக்கு எதிரானது. ஆனாலும் விசிறி வேகமாகச் சுழன்றால் தண்ணீர் வெளியே போகும், வழிந்து விலகும் காற்றும் குறையும்.

ரேடார்களும் மாறிவிட்டன. புதிய கருவிகள் ஆன்டெனாவைத் தாமே மேலும் கீழும் சாய்த்துப் பல கோணங்களில் பார்க்கின்றன. முன்னிருக்கும் மழையால் அப்பால் பார்க்க முடியவில்லை என்றால், அந்தத் திசையில் திரையின் ஓரத்தில் மஞ்சள் பட்டை காட்டி எச்சரிப்பவை உண்டு. ஆலங்கட்டி இருக்க வாய்ப்புள்ள மேகத்தைக் குறியிட்டுக் காட்டுபவையும் வந்துவிட்டன. 421இன் தலைமை விமானிக்கு அந்த மஞ்சள் பட்டை ஒன்று இருந்திருந்தால் இடப்பக்கம் திரும்பியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் உலகில் பறக்கும் எல்லா விமானங்களிலும் இவை இல்லை. பழைய ரேடாரோடு பறப்பவர்களுக்கு நிழலைச் சோதிக்கும் பாடம் இன்னும் கட்டாயமாகவும் முறையாகவும் வேண்டும். சிமுலேட்டரில் இன்ஜின் தீப்பிடிப்பதைப் பயில்வது போல, பொய்த்திறப்பு ஒன்றைத் திரையில் காட்டி, அதை நம்பாமல் திரும்பப் பழக்க வேண்டும்.

கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், ஏறக்குறைய 37 கிலோமீட்டர், விலகிப் போகச் சொல்கிறது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டி. மேகத்துக்கு வெளியே, தெளிந்த வானத்திலும் அதன் மேற்பரப்பிலிருந்து ஆலங்கட்டி வீசப்படும் என்பதும் இதற்கு ஒரு காரணம். சுமத்ரா புயல்காற்று நீண்ட வரிசையாக வரும்போது அப்படி விலக, சில நேரம் பெரிய சுற்று சுற்ற வேண்டியிருக்கும், அல்லது வரிசை கடக்கும்வரை வானத்தில் வட்டமடிக்க வேண்டியிருக்கும். அதற்கான எரிபொருளைக் கிளம்பும்போதே ஏற்றியிருக்க வேண்டும். அந்தக் கூடுதல் எரிபொருளை வீண் செலவென்று எந்த நிறுவனமும் கணக்கில் அழுத்தம் கொடுக்கக் கூடாது. காலை விமானம் ஜொகூர் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, அரை மணி தாமதம் என்று சாங்கியில் அறிவித்தால், காத்திருக்கும் உறவினர்கள் செய்யவேண்டியது இன்னொரு கோப்பி வாங்கிக்கொண்டு உட்காருவதுதான்.